தலைவலி ஏன் திரும்பி வருது?

இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட்டோட ஆரம்பிப்போம். பயப்படாதீங்க, இதில் அரியர் எல்லாம் விழாது. உங்க பேகைத் திறங்க. சைடு ஜிப்பில் கையை விடுங்க. மூடி தொலைஞ்ச பேனா, பழைய பஸ் டிக்கெட், கசங்கிப்போன ஹால் டிக்கெட் ஜெராக்ஸ்... இதுக்கு நடுவில் பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை இருக்கா?

இருந்தா, இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

தலை வலிக்குது, ஒரு மாத்திரை போடுறோம். அரை மணி நேரத்தில் வலி போயிடுது. நாமளும் சந்தோஷமா கேன்டீனுக்குப் போயிடுறோம். மூணு நாள் கழிச்சு அதே வலி மறுபடி வருது. மறுபடி ஒண்ணு போடுறோம். அட்டை தீர்ந்தா மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு அட்டை. 'இது எப்போ போகும்?'னு கேட்கிற நாம, 'இது ஏன் திரும்பித் திரும்பி வருது?'னு மட்டும் கேட்கிறதே இல்லை. தலைவலின்னு இல்லை. வயிற்று எரிச்சல், உப்புசம், மாசாமாசம் வர்ற வலி, காலையில் எழுந்ததும் வர்ற தும்மல்... எல்லாத்துக்கும் இதே கதைதான்.

இந்த 'ஏன் திரும்பி வருது'ங்கிற கேள்வியை ரெண்டாயிரம் வருஷமா விடாம கேட்டுக்கிட்டிருக்கிற ஒரு வைத்திய முறை இருக்கு. சீன மருத்துவம். அது கேட்கிற கேள்விகள் பிரமாதமானவை. அது சொல்ற பதில்கள்? கொஞ்சம் பொறுங்க, அதுக்கும் வருவோம்.

குவாங்சோவில் ஒரு தலைவலி

என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி. ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்ச் வரிசை. எம்.பி.பி.எஸ். படிக்க சீனாவுக்குப் போனாள். தென் சீனாவில் இருக்கிற குவாங்சோ நகரம். நம்ம ஊர் மாதிரியே வெயில், புழுக்கம், மழை. அங்கே தெருவுக்குத் தெரு 'குளிர்ச்சி டீ' கடைகள் இருக்கும். பேர்தான் டீ. உண்மையில் கன்னங்கரேல்னு ஒரு மூலிகைக் கசாயம். பொரிச்ச ஐட்டத்தை ஒரு பிடி பிடிச்சுட்டு, 'உடம்பு சூடாயிடுச்சு'ன்னு சொல்லி ஒரு கப் வாங்கிக் குடிச்சுட்டுப் போவாங்களாம். "டேய், எங்க பாட்டி சைனீஸ் பேசுற மாதிரியே இருக்குடா"ன்னு போனில் சிரிப்பாள்.

மூணாவது வருஷம் அந்தச் சிரிப்பு குறைஞ்சுது. காரணம், தலைவலி. வலது பக்க நெற்றிப்பொட்டில் துடிக்கிற வலி. முதல்ல மாசத்துக்கு ரெண்டு தடவை. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு. அப்புறம்... வலி இல்லாத நாளைத் தேட வேண்டிய நிலைமை. லெக்சர் ஹாலில் ட்யூப்லைட் வெளிச்சம் ஆகலை. லேபில் ஃபார்மலின் வாடை ஆகலை. ஒரு இன்டர்னல் பரீட்சையைப் பாதியில் விட்டுட்டு வெளியே வந்தாள். 'கோர்ஸை விட்டுட்டு ஊருக்கே வந்துடலாமா'ன்னு யோசிக்கிற அளவுக்குப் போயிடுச்சு. அவங்க அப்பா லோன் போட்டு அனுப்பின படிப்பு அது.

சீனாவில் பெரும்பாலான பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆங்கில மருத்துவத்தோட கூடவே சீன மருத்துவத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. அதுக்குன்னே தனிப் பல்கலைக்கழகங்களும் இருக்கு. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நாலு ஊரிலும் 1956-ல் சீன மருத்துவக் கல்லூரிகளை அரசாங்கமே தொடங்கியது. அதுவரை குருகிட்ட சீடன், அப்பாகிட்ட மகன்னு ஆளுக்கொரு விதமா கத்துக்கிட்டிருந்ததை, ஒரே சிலபஸா மாத்தினது அந்தக் காலகட்டத்தில்தான். கூடப் படிக்கிற சீனத் தோழி ஒருத்தி இவளைக் கையோட இழுத்துக்கிட்டு அந்தப் பிரிவுக்குப் போனாள்.

நாக்கை நீட்டு!

உள்ளே ஒரு வயசான லேடி டாக்டர். "எங்கே வலிக்குது?"ன்னு கேட்டாங்க. அதோட விட்டாங்களா? இல்லை. கேள்வி மேல கேள்வி.

நெற்றியிலா, பொட்டிலா, உச்சியிலா, பிடரியிலா? துடிக்குதா, குத்துதா, கனமா இருக்கா? காலையில் அதிகமா, சாயங்காலமா? கோபம் வந்தா கூடுதா? சூடா ஒத்தடம் கொடுத்தா நல்லா இருக்கா, ஐஸ் வெச்சா நல்லா இருக்கா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற? நடுவில் முழிப்பு வருதா? வாய் கசக்குதா? தாகம் எடுக்குதா? பாத்ரூம் சரியா போறியா? பீரியட்ஸ் எப்படி, அதுக்கு முன்னாடி தலைவலி கூடுதா?

'தலைவலிக்கு வந்தா எதுக்கு பாத்ரூம் பத்தி கேட்கிறாங்க'ன்னு இவளுக்கு ஒரே குழப்பம்.

இது அந்த டாக்டரோட சொந்த ஸ்டைல் இல்லை, பாஸ். சீன மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்க நாலு வழி. பார்க்கிறது, கேட்கிறதும் முகர்றதும், விசாரிக்கிறது, தொட்டுப் பார்க்கிறது. இதில் 'விசாரிக்கிறது'க்கு ஒரு பாட்டே உண்டு. மிங் அரசர்கள் காலத்தில் வாழ்ந்த சாங் ஜிங்யுவேங்கிற மருத்துவர் எழுதின 'பத்துக் கேள்விப் பாட்டு'. குளிர், காய்ச்சல், வியர்வை, தலை, உடம்பு, கழிவு, சாப்பாடு, தாகம்னு எதையும் விட்டுடாம கேட்கிறதுக்காக மாணவர்கள் மனப்பாடம் பண்ண வசதியா எழுதினது. நாம ஃபார்முலாவைச் சினிமாப் பாட்டு மெட்டில் உருப்போடுவோமே, அதே டெக்னிக்!

அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னாங்க. நாக்கோட நிறம், ஓரம், மேலே படிஞ்சிருக்கிற மாவு மாதிரியான படலம் எல்லாத்தையும் பார்த்தாங்க. அடுத்து நாடி. ஒரு மணிக்கட்டில் மூணு விரல், மூணு இடம். ரெண்டு கைக்கும் சேர்த்து ஆறு இடம். ஒவ்வொரு இடமும் உடம்புக்குள்ளே ஒவ்வொரு உறுப்புக்கு ஜன்னல்னு அவங்க கணக்கு. நாடியில் மொத்தம் 28 வகை சொல்லுவாங்க. தட்டில் முத்து உருள்ற மாதிரி ஒண்ணு. இழுத்துக் கட்டின தந்தி மாதிரி ஒண்ணு. இவளோடது தந்தி.

கடைசியில் டாக்டர் சொன்னது: "உனக்குக் கல்லீரல் யாங் மேலே ஏறியிருக்கு."

நம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போன மாசம்தான் ப்ளட் டெஸ்ட் எடுத்தாள். கல்லீரல் நார்மல்!

வேரும் கிளையும்

இங்கேதான் நாம கொஞ்சம் நிதானிக்கணும். சீன மருத்துவத்தில் 'கல்லீரல்'னு சொன்னா, பயாலஜி புஸ்தகத்தில் நாம படம் வரைஞ்ச அந்த உறுப்பு மட்டும் இல்லை. அது ஒரு வேலைத் தொகுதி. உடம்பில் 'ச்சி'ங்கிற ஓட்டத்தைத் தடங்கல் இல்லாம நடத்துறது, ரத்தத்தைச் சேர்த்து வைக்கிறது, கண்ணுக்கும் தசைநாருக்கும் ஊட்டம் கொடுக்கிறது, கோபத்தோட சம்பந்தப்பட்டது எல்லாமே அந்தத் தொகுதியில் வரும். அதனால ப்ளட் டெஸ்ட்டில் கல்லீரல் நார்மல்னு வர்றதும், இவங்க 'கல்லீரல்'னு சொல்றதும் ரெண்டும் வேற வேற பேச்சு.

யின்ங்கிறது குளிர்ச்சி, நீர், அமைதி. யாங்ங்கிறது சூடு, அசைவு, மேலே எழும்புறது. அடுப்பில் வெச்ச பாத்திரத்தில் தண்ணி சுண்டிப்போனா பாத்திரம் காயுமே, அதே மாதிரி தூக்கம் கெட்டு, டென்ஷன் ஏறி, யின் சுண்டினா யாங் தலைக்கு ஏறும். பொட்டு துடிக்கும், கண் கூசும், எரிச்சல் வரும். இதுதான் அவங்க விளக்கம்.

சீன மருத்துவத்தோட ஆதி நூலான 'மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல்' சுமார் ரெண்டாயிரம் வருஷம் பழசு. நோயைப் பத்தி அது பேசுற ரெண்டு வார்த்தைகளை ஞாபகம் வெச்சுக்குங்க. ஒண்ணு 'பென்', அதாவது வேர். இன்னொண்ணு 'பியாவ்', அதாவது மரத்தோட நுனி. தலைவலி நுனி. எதனால தலைவலி வருதோ அது வேர். அவசரம்னா முதல்ல நுனியைக் கவனி, அவசரம் இல்லைன்னா வேரைக் கவனின்னு பின்னாடி வந்த மருத்துவர்கள் இதையே ஒரு விதியா வெச்சுக்கிட்டாங்க. அதாவது, வலியில் துடிக்கிறவனை உட்கார வெச்சுத் தத்துவம் பேசாதே. வலி அடங்கினதும் அதோட வைத்தியம் முடிஞ்சதுன்னும் நினைக்காதே.

இன்னொரு சுவாரஸ்யம். இவளோட ரூம்மேட்டுக்கும் தலைவலி. ஆனா அவளோடது துடிக்கிற வலி இல்லை. ஈரத்துணியைத் தலையில் சுத்திக் கட்டின மாதிரி கனம், குமட்டல், நாக்கில் வெள்ளையா தடிமனான படலம். அதே டாக்டர் அவளுக்குச் சொன்ன வேர் 'சளியும் ஈரமும்'. கொடுத்த மூலிகைகளும் வேற. ரெண்டு பேருக்கும் தலைவலி, ரெண்டு பேருக்கும் வேற வேற கசாயம்! 'ஒரே நோய், வேறு வைத்தியம்'னு இதுக்கு ஒரு பேரே உண்டு.

தலைகீழாவும் நடக்கும். ஒருத்தருக்குப் பீரியட்ஸுக்கு முன்னாடி எரிச்சலும் மார்பு வலியும். இன்னொருத்தருக்குப் பரீட்சை வந்தா வயிறு உப்புசம். ரெண்டுக்கும் வேர் 'கல்லீரல் ச்சி தேங்கினது'ன்னு டாக்டருக்குத் தோணினா, ரெண்டு பேருக்கும் 'சியாவ்யாவ் சான்'ங்கிற ஒரே மருந்தை அடிப்படையா வெச்சுக் கொடுப்பாங்க. சுங் அரசர்கள் காலத்து மருந்து அது. பேருக்கு அர்த்தம், கவலையில்லாமச் சுத்தித் திரியிறது. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு நாம இருக்கிற நிலைமைதான்!

வேர் எங்கேயிருந்து முளைக்குது?

1174-ல் சென் யான்ங்கிற சீன மருத்துவர் நோய்க்கான காரணங்களை மூணு டப்பாவில் பிரிச்சுப் போட்டார். முதல் டப்பா, வெளியிலிருந்து வர்றது. காத்து, குளிர், வெக்கை, ஈரம், வறட்சி, நெருப்பு. ரெண்டாவது டப்பா, உள்ளேயிருந்து வர்றது. ஏழு உணர்ச்சிகள். சந்தோஷம், கோபம், கவலை, ஓயாத யோசனை, துக்கம், பயம், அதிர்ச்சி. மூணாவது டப்பா, இந்த ரெண்டிலும் சேராதது. கண்ட நேரத்துச் சாப்பாடு, அளவில்லாத உழைப்பு, அடிபடுறது, விஷக்கடி இந்த மாதிரி.

அந்த ரெண்டாவது டப்பாவைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. சந்தோஷம்கூட லிஸ்ட்டில் இருக்கு! எந்த உணர்ச்சியும் தப்பில்லை. அளவு மீறினாலோ, வெளியே வராம உள்ளேயே கிடந்தாலோ அது நோயாகும்ங்கிறதுதான் சங்கதி. 'மனசு சரியில்லை'ன்னு யாராவது சொன்னா 'அதெல்லாம் ஒரு நோயா'ன்னு கேட்கிற ஆட்கள் இன்னிக்கும் நம்ம ஹாஸ்டலில் இருக்காங்க. எட்டுநூறு வருஷத்துக்கும் முன்னாடி ஒருத்தர் அதை வெயிலுக்கும் மழைக்கும் சமமா ஒரே லிஸ்ட்டில் வெச்சிருக்கார்.

நம்ம தோழியோட கணக்கைப் பார்ப்போம். தூங்குறது ராத்திரி மூணு மணிக்கு. காலைச் சாப்பாடு கிடையாது. தண்ணி குடிக்க மறந்துடுவாள். அப்பாவோட லோன் பத்தி ஓயாத கவலை. டாக்டர் ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே வந்தாங்க. கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க.

கடைசிக் கேள்வி

"மாசத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடுற?"

இவள் சாதாரணமா, "வலிக்கும்போதுதான் டாக்டர்"னு சொன்னாள்.

"அது எனக்குப் புரியுது. எத்தனை நாள்?"

தெரியலை. ரூமுக்குப் போய் டிராயரில் இருந்த காலி அட்டைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி எண்ணினாள். மாசத்துக்கு 22 நாள். ஆறு மாசமா. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு!

அடுத்த விசிட்டில் இதைச் சொன்னதும், அந்த சீன மருத்துவ டாக்டர் மூலிகைச் சீட்டோட இன்னொரு சீட்டும் எழுதினாங்க. எதிர் ப்ளாக்கில் இருந்த நரம்பியல் பிரிவுக்கு. அங்கே ஸ்கேன் உட்பட எல்லாம் பார்த்துட்டு ரெண்டு விஷயம் சொன்னாங்க. அடியில் இருக்கிறது மைக்ரேன். அதுக்கு மேல இன்னொரு தலைவலி உட்கார்ந்திருக்கு. அதுக்குக் காரணம் மாத்திரையே.

நம்ப முடியலையா? இது நவீன மருத்துவம் நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கிற நோய். ஏற்கெனவே மைக்ரேன் மாதிரித் தலைவலி இருக்கிறவங்க, பாராசிட்டமால், ஐபுபுரூஃபென் மாதிரி சாதாரண வலி மாத்திரைகளை மாசத்தில் 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா, அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கலாம். காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகள், டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும்.

யோசிச்சுப் பாருங்க. நுனியை வெட்டுறதுக்காக எடுத்த கத்திதான் வேருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்திருக்கு.

டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தினாள். முதல் வாரம் நரகம். வலி முன்னைவிட அதிகம், வாந்தி, தூக்கமின்மை. அப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்ததால தாங்கிக்கிட்டாள். கூடவே பதினோரு மணிக்குத் தூக்கம், காலையில் கஞ்சி. அப்புறம் கசாயம். அங்கே ஆஸ்பத்திரியிலேயே மூலிகைகளைக் காய்ச்சி, பால் பாக்கெட் மாதிரி சீல் பண்ணிக் கொடுத்துடுவாங்க. வாரம் ரெண்டு நாள் அக்குபஞ்சர். தலைவலிக்கு ஊசி எங்கே போட்டாங்க தெரியுமா? பிடரியில் போட்டாங்க, சரி. கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலும் ஒண்ணு! அது கல்லீரல் பாதையில் இருக்கிற புள்ளியாம்.

ரெண்டு மாசத்தில் மாசத்துக்கு ரெண்டு, மூணு நாள் வலின்னு குறைஞ்சுது. பரீட்சை எழுதினாள். இன்னிக்கு அவள் ஒரு டாக்டர்.

சரி, எது வேலை செஞ்சுது?

நானும் அவகிட்ட இதைத்தான் கேட்டேன். "தெரியலைடா. அஞ்சு விஷயத்தை ஒரே நேரத்தில் பண்ணினேன். எதுன்னு எப்படிச் சொல்றது?" எனக்கு அவகிட்ட ரொம்பப் பிடிச்ச பதில் இது. 'எனக்குச் சரியாயிடுச்சு, அதனால இந்த வைத்தியம் உண்மை'ன்னு ஃபார்வர்டு மெசேஜ் அனுப்புறவங்க இதை ஒருமுறை யோசிக்கலாம்.

தனி ஆளால் சொல்ல முடியாததை ஆராய்ச்சி சொல்லலாம். 2005-ல் ஜெர்மனியில் 302 மைக்ரேன் நோயாளிகளை வெச்சு நடந்த ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. ஒரு குழுவுக்கு முறையான அக்குபஞ்சர். இன்னொரு குழுவுக்குப் பொய் அக்குபஞ்சர், அதாவது சம்பந்தமில்லாத இடத்தில் மேலோட்டமா ஊசி. மூணாவது குழுவுக்கு ஊசியே இல்லை, காத்திருக்கச் சொல்லிட்டாங்க. தலைவலி நாட்கள் பாதியாவோ அதுக்குக் கீழேயோ குறைஞ்சவங்க முறையான குழுவில் 51 சதவீதம். பொய்க் குழுவில் 53 சதவீதம். காத்திருந்தவங்களில் 15 சதவீதம்.

புரியுதா? ஊசி போட்டவங்களுக்குக் குறைஞ்சது நிஜம். ஆனா எந்தப் புள்ளியில் போட்டாங்கங்கிறது அந்த ஆய்வில் பெரிசா வித்தியாசப்படுத்தலை. 2016-ல் 22 ஆய்வுகளைச் சேர்த்து அலசினப்போ, முறையான அக்குபஞ்சர் பொய் ஊசியைவிடக் கொஞ்சம் மேல்னும், மைக்ரேன் தடுப்பு மருந்துகளுக்கு இது குறைஞ்சது இல்லைன்னும் வந்தது. அந்தக் 'கொஞ்சம்'ங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க. பலன் இருக்கு. 'கல்லீரல் பாதையைத் திறந்தோம்'ங்கிற விளக்கம்தான் இன்னும் நிரூபணமாகலை.

மருந்து சரியா இருந்து விளக்கம் தப்பா இருந்த கதை சீனாவிலேயே இருக்கு. அதுவும் திரும்பித் திரும்பி வர்ற நோய்தான். விட்டு விட்டு வர்ற குளிர்காய்ச்சல். நாலாம் நூற்றாண்டில் கெ ஹோங்ங்கிறவர் எழுதின அவசர மருந்துக் கையேட்டில் 'சிங்ஹாவ்'ங்கிற செடியைத் தண்ணியில் ஊறவெச்சுப் பிழிஞ்சு சாறு குடிக்கச் சொல்லியிருக்கு. அந்தக் காய்ச்சலோட நிஜ வேர் ரத்தத்தில் இருக்கிற மலேரியாக் கிருமின்னு அவருக்குத் தெரிய வழியே இல்லை. அது மைக்ராஸ்கோப்பில் தெரிஞ்சது 1880-ல்தான்.

1967-ல் சீன அரசாங்கம் மலேரியாவுக்கு மருந்து தேட ஆரம்பிச்சுது. து யூயூங்கிற விஞ்ஞானியும் அவங்க குழுவும் பழைய நூல்களைப் புரட்டிப் பல மூலிகைகளைச் சோதிச்சாங்க. சிங்ஹாவ் சாறு எடுத்தா ஒருமுறை பலிக்குது, ஒருமுறை பலிக்கலை. கெ ஹோங் கொதிக்க வைக்கச் சொல்லலையேன்னு அவங்களுக்குப் பொறி தட்டுச்சு. சூடே மருந்தைக் கெடுக்குதோ? 1971-ல் குறைஞ்ச சூட்டில் ஈதர் வெச்சுச் சாறு எடுத்தாங்க. எலிகளில் கிருமி மொத்தமா காலி. 1972-ல் மருந்தைத் தனியாப் பிரிச்சாங்க. அதுதான் ஆர்ட்டெமிசினின். 2015-ல் நோபல் பரிசு. பழைய புஸ்தகம் ஒரு குறிப்பைக் கொடுத்துச்சு. அது உண்மைதானான்னு லேப் சொல்லிச்சு.

சொந்த மரபையே கேள்வி கேட்டவங்களும் அங்கே உண்டு. வாங் ச்சிங்ரென்ங்கிற மருத்துவர், 1797-ல் ஒரு தொற்றுநோயில் இறந்துபோன குழந்தைகளோட சரியா மூடப்படாத உடல்களை நாள்கணக்கில் போய்ப் பார்த்து, பழைய நூல்களில் இருந்த உறுப்புப் படங்கள் தப்புன்னு கண்டுபிடிச்சார். 1830-ல் அதைப் புஸ்தகமாவே போட்டார். என்ன தைரியம்!

மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு...

நினைக்காதீங்க. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கிறதுக்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. பலருக்கு டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம். பிற்பாடு சிலருக்குப் புற்றுநோய். காரணம், சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலா, சீனப் பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற இன்னொரு மூலிகை கலந்திருந்தது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்துக்கு விஷம். அதனால 'சைனீஸ் ஹெர்பல்'னு ஆன்லைனில் வர்ற பவுடரை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிங்க. பேர் தெரியாத மூலிகை, லேபிள் இல்லாத டப்பா... நோ!

இன்னொண்ணு. சில தலைவலிகளுக்கு வேர் தேடி உட்காரக் கூடாது. இடி விழுந்த மாதிரி திடீர்னு வர்ற கடும் வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போறது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வர்ற வலி, நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போற வலி. இதில் எது இருந்தாலும் நாக்கையும் பார்க்க வேணாம், நாடியையும் பார்க்க வேணாம். நேரா ஆஸ்பத்திரி.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்

அந்த டாக்டர் கேட்ட கேள்விகளை நாமளே நம்மகிட்ட கேட்கலாம். அதுக்கு யின்னும் வேணாம், யாங்கும் வேணாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாலு வாரம், தினமும் ரெண்டு நிமிஷம். இதை மட்டும் எழுதுங்க.

வலி வந்துச்சா? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படிப்பட்ட வலி?

முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?

எந்த வேளைச் சாப்பாட்டை விட்டீங்க? எத்தனை டீ, காபி?

அன்னிக்கு மனசு எப்படி? யார்கூடவாவது சண்டையா, எதையாவது நினைச்சுக் கவலையா?

பொண்ணுங்களா இருந்தா, பீரியட்ஸ் தேதி.

கடைசியா, முக்கியமா: மாத்திரை போட்டீங்களா? என்ன மாத்திரை, எத்தனை?

நாலு வாரம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டினா, உங்க வலிக்கு ஒரு ஒழுங்கு இருக்கான்னு தெரிய வாய்ப்பிருக்கு. ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்தா வருதோ, வெயிலில் மேட்ச் ஆடினா வருதோ, வீட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட போன் வந்தா வருதோ. அந்த நோட்டோட டாக்டர்கிட்ட போங்க. "ரொம்ப நாளா தலைவலி டாக்டர்"னு சொல்றதைவிட அது நூறு மடங்கு உதவும். மாத்திரைக் கணக்கு மாசத்துக்குப் பத்து நாளைத் தாண்டினா, நோட்டு முடியிற வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே போங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பழைய சீனக் கதை. பியென் ச்சுவேன்னு ஒரு மகா வைத்தியர். 'உங்க மூணு அண்ணன் தம்பிகளில் யார் கெட்டிக்காரர்?'னு ராஜா கேட்டாராம். "பெரிய அண்ணன்தான். நோய் உருவாகுறதுக்கு முன்னாடியே அதை எடுத்துடுவார். அதனால எங்க வீட்டைத் தாண்டி அவரை யாருக்கும் தெரியாது. நடு அண்ணன் நோய் துளிர்க்கும்போதே பிடிச்சுடுவார். அவரை எங்க தெருவுக்குத் தெரியும். நான் நோய் முத்தினப்புறம் ஊசி குத்தி, மருந்து கொடுத்து, ஆர்ப்பாட்டமா குணப்படுத்துறேன். அதனால என்னை நாட்டுக்கே தெரியும்"னாராம்.

என் தோழியை அந்தப் பரீட்சை ஹாலில் மறுபடி உட்கார வெச்சதில் கசாயத்துக்கு எவ்வளவு பங்கு, ஊசிக்கு எவ்வளவு பங்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு கேள்விக்குப் பங்கு உண்டு. 'எத்தனை நாள்?'ங்கிற அந்தச் சின்னக் கேள்வி. அதை அதுவரை யாரும் அவகிட்ட கேட்கலை. அவளும் அவகிட்ட கேட்டுக்கலை.

சரி, இப்போ அந்த சைடு ஜிப்பை மறுபடி திறங்க. அட்டையில் எத்தனை காலி?

எண்ணிட்டீங்களா? ஓ.கே., அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். பை!